சவுக்குக் கன்றின் கைரேகை

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி... இந்த மூன்று ஊருக்கும் நடுவில் எந்தத் தெருவில் நுழைந்தாலும் ஒரு வீடாவது கட்டிக்கொண்டிருப்பார்கள். வாசலில் ஜல்லி, எம்-சாண்ட் குவியல், தார்ப்பாய் போட்ட சிமென்ட் மூட்டைகள், சுவரைச் சுற்றிலும் கயிறு போட்டுக் கட்டிய சவுக்குக் கம்புச் சாரம். பெரிய பில்டர்கள் இரும்புக் குழாய்க்கு மாறிவிட்டார்கள். அரை கிரவுண்டில் வங்கிக்கடன் வாங்கி வீடு கட்டுபவரின் மேஸ்திரிக்கு இன்றும் சவுக்குதான். பெயிண்டர் ஏறி நிற்பது சவுக்கு. கான்கிரீட் இறுகும் வரை தளத்தைத் தாங்கிப் பிடிப்பது சவுக்கு முட்டு. வேலை முடிந்ததும் கட்டவிழ்த்து அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். கிரகப்பிரவேசத்துக்குச் சவுக்கை யாரும் கூப்பிடுவதில்லை!

இந்தக் கம்பு எங்கிருந்து வருகிறது, அதை நட்டவர் யார், அவர் எதை நம்பி நட்டார் என்று கேட்டுக்கொண்டே போனால் அந்தக் கேள்வி கடைசியில் கோயம்புத்தூரில் ஒரு டி.என்.ஏ ஆய்வுக்கூடத்தில் போய் நிற்கும். கட்டுரை அந்தப் பயணத்தைப் பற்றித்தான். (அறிவியல் குரூப் எடுக்காதவர்கள் பயந்து ஓட வேண்டாம். டெபிட், கிரெடிட் தெரிந்தால் போதும்.)

ரயில் கொண்டுவந்த மரம்

சவுக்கு தமிழ் மண்ணின் மரம் மாதிரியே ஆகிவிட்டது. ஆனால் அதன் சொந்த ஊர் தென்கிழக்கு ஆசியா, ஆஸ்திரேலியா, பசிபிக் தீவுகளின் கடற்கரைகள். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் இந்தியக் கடற்கரையோரம் அது பெருவாரியாக நடப்பட்டதற்கு முக்கியக் காரணம், ரயில்!

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1-ஆம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. அம்பத்தூரையும் ஆவடியையும் தொட்டுக்கொண்டு போகும் அதே பாதைதான். அந்தக் கால எஞ்சின்கள் விறகையும் தின்றன. இருக்கிற காட்டையெல்லாம் வெட்டித் தள்ளினாலும் கட்டுப்படியாகாது. சீக்கிரம் வளர வேண்டும், மணலிலும் வளர வேண்டும், நன்றாக எரிய வேண்டும். மூன்றுக்கும் பொருந்தியது சவுக்கு. அதன் வேரில் குடியிருக்கும் ஃபிராங்கியா என்ற நுண்ணுயிரி காற்றிலிருக்கும் நைட்ரஜனைப் பிடித்து மரத்துக்குக் கொடுத்துவிடும். அதனால் உரமில்லாத மணலிலும் மரம் சளைக்காது.

நிலக்கரி வந்தது, டீசல் வந்தது, மின்சாரம் வந்தது. ரயிலுக்குச் சவுக்கு தேவைப்படவில்லை. ஆனால் சாரத்துக்கும், பந்தலுக்கும், விறகுக்கும், பிற்பாடு காகித ஆலைக்கும் தேவைப்பட்டது. ஒரு வாடிக்கையாளர் போனால் நான்கு வாடிக்கையாளர்கள்! கரும்புச் சக்கையில் காகிதம் செய்யப் பெயர்போன கரூர் மாவட்டத்து டி.என்.பி.எல் ஆலைகூட விவசாயிகளோடு சேர்ந்து சவுக்கும் தைலமரமும் வளர்க்கும் திட்டங்களை நடத்திவருகிறது. இன்று தமிழ்நாட்டில் சவுக்கு என்பது வனத்துறை சமாச்சாரத்தைவிட, விவசாயியின் பயிர் சமாச்சாரம்.

நான்கு வருஷம் கழித்துத் தெரியும் சரக்கு

ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறையில் முப்பது வருஷம் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். ஊரில், திருவள்ளூருக்கு அந்தப் பக்கம், அப்பா விட்டுப்போன இரண்டு ஏக்கர். நெல்லுக்கு ஆள் கிடைப்பதில்லை, தண்ணீரும் நிச்சயமில்லை. "பேசாம சவுக்கு வையுங்க" என்று நாலு பேர் சொல்கிறார்கள். பி.எஃப் பணத்தில் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு நர்சரிக்குப் போகிறார்.

"அண்ணா, இது ஒரிஜினல் குளோன். கண்ண மூடிக்கிட்டு வையுங்க. நாலே வருஷம், லாரி உங்க வயலுக்கு வந்து நிக்கும்."

"அது சரிப்பா. இது அந்தக் குளோன்தான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"என்னாண்ணா இப்படிக் கேட்டுட்டீங்க... நான் சொல்றேன்ல?"

உரையாடல் அவ்வளவுதான். ஏக்கருக்குச் சில ஆயிரம் கன்றுகள் வாங்கி நடுகிறார். கன்று எல்லாம் பச்சையாக, ஊசி ஊசியாக, ஒரே மாதிரிதான் இருக்கிறது. (அந்த ஊசிகள் இலையே கிடையாது, மெல்லிய கிளைகள். ஒவ்வொரு கணுவிலும் பல் மாதிரி ஒட்டியிருக்கும் துளித் துளிச் செதில்கள்தான் நிஜமான இலை.) விதையிலிருந்து வந்த கன்றா, வெட்டுத்துண்டை வேர்விடச் செய்த கன்றா என்பதை அனுபவசாலி வேரைப் பார்த்துச் சொல்லிவிடலாம். எந்தக் குளோன் என்று சொல்ல மனிதக் கண்ணால் ஆகாது.

பொருளாதாரத்தில் இதற்கு ஒரு பெயர் இருக்கிறது. விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாது என்கிற நிலையில் சந்தை என்ன ஆகும் என்று 1970-ல் ஜார்ஜ் அகர்லாஃப் ஒரு கட்டுரை எழுதினார். பழைய கார் சந்தைதான் அவர் எடுத்துக்கொண்ட உதாரணம். நல்ல காரையும் ஓட்டைக் காரையும் பிரித்துப் பார்க்க முடியாவிட்டால், வாங்குபவர் நடுத்தர விலைதான் கொடுப்பார். அந்த விலைக்கு நல்ல கார் வைத்திருப்பவர் விற்க மாட்டார். கடைசியில் சந்தையில் ஓட்டைக் கார்தான் மிஞ்சும். 2001-ல் அவருக்கு நோபல் பரிசில் ஒரு பங்கு கிடைத்தது.

பழைய காராவது பரவாயில்லை. ஓட்டிப் பார்த்து ஒரு வாரத்தில் கண்டுபிடித்துவிடலாம். கன்று விஷயத்தில் ஏமாந்தது தெரிய நான்கு வருஷம் ஆகும். அதற்குள் நர்சரிக்காரர் பெயர்ப்பலகையே மாற்றியிருக்கலாம். (நர்சரிக்காரரும் வேண்டுமென்றே ஏமாற்றியிருக்க வேண்டியதில்லை. அவருக்குக் கொடுத்தவர் மாற்றிக் கொடுத்திருக்கலாம், பையில் எழுதிய பெயர் மழையில் அழிந்திருக்கலாம்.)

மரத்தை நம்பிப் பணம் போட்டு ஏமாந்த கதை தமிழ்நாட்டுக்குப் புதிதும் இல்லை. 1990-களில் தேக்கு 'யூனிட்' விற்ற கம்பெனிகளை வீட்டில் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். இன்று சில ஆயிரம் கொடுங்கள், இருபது வருஷத்தில் லட்சம் என்று கலர் கலராக விளம்பரம். மரம் எங்கே இருக்கிறது என்று போய்ப் பார்த்தவர்கள் குறைவு. பல கம்பெனிகள் கவிழ்ந்த பிறகுதான் 1999-ல் செபி இத்தகைய கூட்டு முதலீட்டுத் திட்டங்களுக்கு விதிமுறை கொண்டுவந்தது.

மரத் தொழிலில் உண்மையான எதிரி, காலம். பத்து சதவீத வட்டியில் கணக்குப் போட்டுப் பாருங்கள். நான்கு வருஷம் கழித்து வரப்போகும் நூறு ரூபாயின் இன்றைய மதிப்பு சுமார் 68 ரூபாய். ஏழு வருஷம் என்றால் 51 ரூபாய். தேக்கு மாதிரி ஐம்பது வருஷம் என்றால்? வெறும் 85 பைசா! அதனால்தான் மரத்தில் ஒரு வருஷம் மிச்சம் பிடிப்பது பெரிய விஷயம். ஒரு வருஷம் வீணாவது அதைவிடப் பெரிய விஷயம்.

ஒரு மரம், லட்சம் நகல்

குளோன் என்றவுடன் டாலி ஆட்டுக்குட்டி ஞாபகம் வரும். செடியில் குளோன் செய்வது அவ்வளவு கஷ்டமில்லை. முருங்கைக் கொம்பை ஒடித்து நட்ட பாட்டிகள் எல்லோரும் குளோனிங் நிபுணர்கள்தான்! விதையில் பிறந்தால் அப்பா பாதி, அம்மா பாதி. அண்ணன் தம்பிகள் ஒரே மாதிரி இருப்பதில்லை. கொம்பில் பிறந்தால் தாய்மரத்தின் அச்சு அசல் நகல். சவுக்கில் நுனிக்கிளையை வெட்டி, வேர்விடும் ஹார்மோனில் தொட்டு, ஈரப்பதமான கூண்டுக்குள் வைத்து வேர்விட வைக்கிறார்கள்.

இதில் பழைய கதை ஒன்று. இந்தோனேசியாவில் மலைப் பகுதிகளில் வளரும் 'ஜங்கூனியானா' என்ற சவுக்கு இனத்துக்கும் இங்குள்ள 'ஈக்விசெட்டிஃபோலியா' இனத்துக்கும் பிறந்த ஒரு கலப்பினம் 1951-ல் தாய்லாந்திலிருந்து இந்தியாவுக்கு வந்தது. வந்தது ஆண் மரம் மட்டும்தான். விதைக்கு வழியில்லை. வெட்டுத்துண்டில்தான் பெருக்க வேண்டியிருந்தது.

நல்ல மரத்தைத் தேடுவது, கலப்பது, சோதிப்பது, குளோனாக வெளியிடுவது என்ற வேலையைத் தமிழ்நாட்டில் முக்கியமாகச் செய்வது கோவையிலுள்ள வன மரபியல் மற்றும் மரப்பெருக்கு நிறுவனம். 1988-ல் தொடங்கப்பட்டது. மத்திய அரசின் வன ஆராய்ச்சிக் கவுன்சிலின் கீழ் வருகிறது. 1902-ல் திறக்கப்பட்ட காஸ் வன அருங்காட்சியகம் இருக்கும் அதே வளாகம். மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியும் இதே துறையில் இருக்கிறது.

மரத்தில் ஆராய்ச்சி செய்வது எவ்வளவு பொறுமையான வேலை தெரியுமா? நெல் என்றால் வருஷத்துக்கு இரண்டு தலைமுறை பார்த்துவிடலாம். மரம் பூக்கவே சில வருஷம். கலந்து பிறந்த பிள்ளைகளை நட்டு, வளர்ந்து, அளந்து, அதில் நல்லதைப் பொறுக்கி மறுபடி கலப்பதற்குள் ஒரு சுற்றுக்குப் பத்துப் பதினைந்து வருஷம் போய்விடும். வேலையில் சேர்ந்தபோது ஆரம்பித்த சோதனையின் இரண்டாவது சுற்றைப் பார்த்துவிட்டு விஞ்ஞானி ரிட்டயர் ஆகிவிடுவார்!

இங்கேதான் மார்க்கர் வருகிறது.

போலீஸ்காரரின் கைரேகை

தமிழில் 'கைரேகை' என்ற ஒரே வார்த்தையை இரண்டு பேர் உபயோகிக்கிறார்கள். போலீஸ்காரர் கைரேகையைப் பார்த்து 'இவன் யார்' என்று சொல்வார். ஜோசியர் அதே கைரேகையைப் பார்த்து 'இவன் என்ன ஆவான்' என்று சொல்வார். டி.என்.ஏ மார்க்கருக்கும் இந்த இரண்டு வேலைகள்தான். முதலில் போலீஸ் வேலை.

டி.என்.ஏ என்பது நான்கே எழுத்தில் எழுதிய மிக நீளமான வாக்கியம். அதில் ஆங்காங்கே திக்குவாய் மாதிரி ஒரே அசை திரும்பத் திரும்ப வரும். ஒரு மரத்தில் ஓரிடத்தில் பன்னிரண்டு தடவை திக்கும், இன்னொரு மரத்தில் அதே இடத்தில் பதினேழு தடவை. இந்த இடங்களுக்கு மைக்ரோசாட்டலைட் என்று பெயர். பெரும்பாலும் மரத்தின் வளர்ச்சிக்கும் இந்தத் திக்கலுக்கும் சம்பந்தமே இல்லை. அடையாளத்துக்கு மட்டும் பயன்படும், அங்க அடையாளத்தில் 'வலது கன்னத்தில் மச்சம்' என்று எழுதுவது மாதிரி.

நுனிக்கிளையில் கொஞ்சம் எடுத்து அரைத்து டி.என்.ஏ பிரித்து, பி.சி.ஆர் கருவியில் அந்த இடத்தை மட்டும் கோடிக்கணக்கில் நகலெடுத்து, நீளத்தை அளக்கிறார்கள். (பி.சி.ஆர் யாருக்கும் புதிதில்லை. 2020-ல் மூக்கில் குச்சி விட்டு எடுத்தார்களே, அதே டெக்னிக்தான். 1983-ல் கேரி முல்லிஸ் கண்டுபிடித்தது.)

ஒரு இடத்தில் இரண்டு மரங்கள் தற்செயலாகப் பொருந்த பத்தில் ஒரு வாய்ப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டு இடங்களில் பார்த்தால் பத்துக் கோடியில் ஒரு வாய்ப்பு. ரூபாய் நோட்டின் சீரியல் நம்பர் மாதிரி. குளோன் என்பது தாய்மரத்தின் நகல் என்பதால் நம்பர் அப்படியே பொருந்த வேண்டும். ஒரு இடத்தில் பொருந்தாவிட்டால் மறுபடி சோதிக்கலாம். நாலைந்து இடங்களில் பொருந்தாவிட்டால் அது வேறு மரம், அவ்வளவுதான்.

பட்டறைக்காரர் கேட்ட 'எனக்கு எப்படித் தெரியும்' என்ற கேள்விக்கு இதுதான் பதில். நான்கு வருஷம் காத்திருந்து தெரிந்துகொள்ள வேண்டியதைச் சில நாட்களில் தெரிந்துகொள்ளலாம்.

ஜோசியரின் கைரேகை

இரண்டாவது வேலை கடினமானது. கன்றைப் பார்த்து, வளர்ந்தால் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டும். அதற்கு முதலில் ஒரு வரைபடம் வேண்டும்.

சென்ட்ரல்-அரக்கோணம் ரயில் பாதையை நினைத்துக்கொள்ளுங்கள். வில்லிவாக்கம், கொரட்டூர், பட்டரவாக்கம், அம்பத்தூர், திருமுல்லைவாயல், அன்னனூர், ஆவடி... பக்கத்துப் பக்கத்தில் இரண்டு தண்டவாளங்கள். ஒன்று அப்பாவிடமிருந்து வந்த குரோமோசோம், இன்னொன்று அம்மாவிடமிருந்து வந்தது. இரண்டிலும் அதே ஸ்டேஷன்கள், அதே வரிசை. மரம் தன் மகரந்தத்தையோ சூல்முட்டையையோ உருவாக்கும்போது, ஒரு ரயில் கிளம்புகிறது. அப்பா லைனில் ஆரம்பித்து ஓடிக்கொண்டே வந்து எங்கோ ஒரு பாயின்ட்டில் அம்மா லைனுக்கு மாறிவிடுகிறது. அந்த ரயில் போன பாதைதான் பிள்ளைக்குக் கிடைக்கும் சொத்து.

எங்கே மாறும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. ஆனால் பட்டரவாக்கத்துக்கும் அம்பத்தூருக்கும் நடுவில் மாறுவது அபூர்வம், ஏனென்றால் தூரம் குறைவு. வில்லிவாக்கத்துக்கும் அரக்கோணத்துக்கும் நடுவில் எங்காவது மாற வாய்ப்பு அதிகம். இதைத் திருப்பிப் போட்டால் என்ன கிடைக்கும்? நூறு பிள்ளைகளில் எத்தனை பேரில் இரண்டு ஸ்டேஷன்களுக்கு நடுவே லைன் மாறியிருக்கிறது என்று எண்ணினால், அந்த ஸ்டேஷன்களுக்கு இடையே உள்ள தூரம் கிடைத்துவிடும்! நூற்றில் ஒன்று மாறியிருந்தால் ஒரு சென்டிமார்கன். தண்டவாளத்தைக் கண்ணால் பார்க்காமலேயே ஸ்டேஷன்களின் வரிசையையும் தூரத்தையும் வரைந்துவிடலாம்.

இந்த யோசனை யாருக்கு வந்தது தெரியுமா? கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இளநிலை பட்டப்படிப்பு படித்துக்கொண்டிருந்த ஆல்ஃபிரட் ஸ்டர்ட்டிவன்ட் என்ற மாணவருக்கு. ஆசிரியர் தாமஸ் ஹன்ட் மார்கனோடு பேசிக்கொண்டிருந்தபோது பொறி தட்டியது. வீட்டுக்குப் போய் ஹோம்வொர்க்கைத் தூக்கிப் போட்டுவிட்டு ராத்திரியோடு ராத்திரியாகப் பழ ஈயின் முதல் மரபு வரைபடத்தை வரைந்து முடித்தார். 1913-ல் அது கட்டுரையாக வந்தது. (செமஸ்டர் நெருக்கத்தில் இந்த உதாரணத்தை வீட்டில் சொல்லாதீர்கள், அடி விழும்.)

வரைபடம் கிடைத்துவிட்டது. இனி, ஒரே குடும்பத்துப் பிள்ளைகளில் வேகமாக வளர்ந்த மரங்களைத் தனியே எடுத்துப் பாருங்கள். அவற்றில் பெரும்பாலானவை அன்னனூரில் அம்மா லைனில் வந்தவையாக இருந்தால், வேகமாக வளரும் குணத்துக்குக் காரணமான ஏதோ ஒன்று அன்னனூர் பக்கம்தான் குடியிருக்கிறது. வீட்டு நம்பர் தெரியாது, ஏரியா தெரிந்துவிட்டது. இதைத்தான் க்யூ.டி.எல் என்கிறார்கள். அடுத்த தலைமுறையில் கன்றுகளை மரமாகும் வரை வளர்த்துப் பார்க்காமல், நாற்றிலேயே 'அன்னனூரில் எந்த லைன்' என்று சோதித்து, நல்ல லைனில் வந்ததை மட்டும் நட்டால் எத்தனை வருஷம் மிச்சம்!

மரங்களில் இதைச் செய்ய ஒரு தடை இருந்தது. நெல், மக்காச்சோளம் மாதிரி பல தலைமுறை தனக்குள்ளேயே கலந்து சுத்தமான வரிசைகள் உருவாக்கி, பிறகு வரைபடம் வரைய மரத்தில் நேரமில்லை. பிரேசிலைச் சேர்ந்த டாரியோ கிராட்டபாக்லியாவும் அமெரிக்காவின் ரொனால்ட் செடராஃபும் 1994-ல் இரண்டு தைலமர இனங்களைக் கலந்து, பிறந்த முதல் தலைமுறையிலேயே அப்பாவுக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று எனத் தனித்தனி வரைபடம் வரைந்து காட்டினார்கள். காட்டுமரங்களில் அப்பாவின் இரண்டு பிரதிகளுமே ஒன்றுக்கொன்று நிறைய வித்தியாசமாக இருக்கும். அந்தப் பலவீனத்தையே பலமாக்கிவிட்டார்கள்.

கோவை நிறுவனமும் இந்த வழியில் போனது. தென்னிந்தியாவில் அதிகம் நடப்படும் இரண்டு செங்கட்டைத் தைலமர இனங்களை (டெரிட்டிகார்னிஸ், கமால்டுலென்சிஸ்) கலந்த குடும்பத்தில் மைக்ரோசாட்டலைட் மார்க்கர்களை வைத்து வரைபடம் வரைந்து, வேர்விடும் குணம் எந்த ஏரியாவில் இருக்கிறது என்று தேடிய ஆய்வு 2018-ல் வெளியானது. ஏன் வேர்விடும் குணம்? மரம் எவ்வளவு அருமையாக வளர்ந்தாலும், அதன் வெட்டுத்துண்டு வேர்விடவில்லை என்றால் குளோனாகப் பெருக்க முடியாது. உற்பத்தி செய்ய முடியாத சரக்குக்கு மார்க்கெட் ஏது? அதே 2018-ல் தேக்கின் முழு மரபணுத்தொகுப்பின் முதல் வரைவையும் அந்த நிறுவனம் வெளியிட்டது. சுமார் 31 கோடியே 70 லட்சம் எழுத்துகள். அதற்கு முன் 2014-ல் உலக விஞ்ஞானிகள் குழு தைலமரத்தையும், பின்னர் 2019-ல் சீன விஞ்ஞானிகள் சவுக்கையும் படித்து முடித்தார்கள்.

ஜோசியம் எவ்வளவு பலிக்கிறது?

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானம் தேவை. 1990-களில் மார்க்கர் வந்தபோது, இனி நாற்றிலேயே மரத்தைப் பொறுக்கிவிடலாம் என்று உலகம் முழுக்க எதிர்பார்த்தார்கள். அந்த அளவுக்குப் பலிக்கவில்லை.

முதல் காரணம், உயரம், பருமன் மாதிரி குணங்கள் ஒரே ஸ்டேஷனில் குடியிருப்பதில்லை. நூற்றுக்கணக்கான ஸ்டேஷன்களில் ஆளுக்குக் கொஞ்சமாகப் பரவியிருக்கிறது. ஒவ்வொன்றின் பங்கும் சில்லறை. இரண்டாவது, ஒரு குடும்பத்தில் பலித்த மார்க்கர் இன்னொரு குடும்பத்தில் பலிப்பதில்லை. அங்கே அன்னனூரில் நல்லது அப்பா லைனில் இருக்கலாம்! மூன்றாவது, மண்ணும் மழையும். கடலூர் மணலில் முதல் ரேங்க் வாங்கிய குளோன் திருவள்ளூர் களிமண்ணில் அரியர் வைக்கும்.

இதற்கு மாற்றாக 2001-ல் மூவ்விசன், ஹேய்ஸ், காடார்ட் என்ற மூவர் ஒரு வழி சொன்னார்கள். ஒவ்வொரு சில்லறைக்கும் சொந்தக்காரரைத் தேட வேண்டாம், ஆயிரக்கணக்கான மார்க்கர்களையும் ஒன்றாகப் போட்டு மொத்தத்துக்கு ஒரு மதிப்பெண் கொடுங்கள் என்றார்கள். ஜீனோமிக் செலக்‌ஷன் என்று பெயர். முதலில் மாட்டுப்பண்ணைகளில் ஜெயித்தது. இப்போது தைலமரத்திலும் பைனிலும் நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் அதற்கும் பல ஆயிரம் மரங்களை நட்டு, வருஷக்கணக்கில் அளந்து வைத்திருக்க வேண்டும். வெயிலில் நாடா பிடித்து அளப்பவர் இல்லாமல் எந்த மார்க்கரும் பேசாது.

ஆகவே ஜோசியர் வேலையில் மார்க்கர் இன்னும் பாதி வழியில்தான் இருக்கிறது. போலீஸ் வேலையில் அது எப்போதோ தேறிவிட்டது. வேடிக்கை என்னவென்றால், தலைப்புச் செய்தி எல்லாம் ஜோசியத்துக்கு. விவசாயிக்கு உடனடியாகத் தேவைப்படுவதோ போலீஸ்.

ஒரே முகம் ஆயிரம் ஏக்கர்

நல்ல குளோன் ஒன்று கிடைத்துவிட்டால் எல்லோரும் அதையே நடத் தொடங்குவார்கள். அதிலும் ஆபத்து. ஆயிரம் ஏக்கரில் இருப்பது உண்மையில் ஒரே மரம். ஒரு பூச்சிக்கு அதன் பூட்டைத் திறக்கத் தெரிந்துவிட்டால் எல்லா வீட்டையும் திறந்துவிடும்.

2000-களில் தைலமரத்தில் இது நடந்தது. லெப்டோசைப் இன்வேசா என்ற ஆஸ்திரேலியக் குளவி தென்னிந்தியாவுக்குள் வந்து, நர்சரிக் கன்றுகளிலும் இளம் தோப்புகளிலும் இலையெல்லாம் முடிச்சு முடிச்சாக வீங்க வைத்தது. சில குளோன்கள் மோசமாக அடி வாங்கின, சில தாங்கின. எந்தக் குளோனை நட்டோம் என்று சரியாகத் தெரிந்தவர்தான் அடுத்த முறை மாற்ற முடியும். சவுக்குக்கும் பட்டையில் வரும் கொப்புள நோய் இருக்கிறது. புயலைக் கேட்கவே வேண்டாம். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கடலூரில் புகுந்தபோது பலாவும் முந்திரியும் சவுக்கும் சேர்ந்தே விழுந்தன.

தோப்பில் நான்கு விதமான குளோனைக் கலந்து நடுங்கள் என்பார்கள். நல்ல அறிவுரைதான். ஆனால் நான்கு பெயரில் விற்கப்படுவது நிஜமாகவே நான்குதானா, அல்லது ஒன்றுக்கே நான்கு பெயரா? அதையும் மார்க்கர்தான் சொல்ல வேண்டும்.

கைரேகை யாருக்குச் சொந்தம்?

அடையாளம் காட்டும் கருவி விவசாயிக்கு மட்டும் வேலை செய்யாது. குளோனை உருவாக்கியவருக்கும் வேலை செய்யும். 2001-ல் நிறைவேறிய பயிர் ரகங்கள் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டப்படி ஒரு மர ரகத்தைப் பதிவு செய்தால் 18 வருஷம் வரை பாதுகாப்பு உண்டு (மற்ற பயிர்களுக்கு 15). உழைத்து உருவாக்கியவருக்கு உரிமை வேண்டும், நியாயம்தான். அதே சட்டம் விவசாயி தன் விளைச்சலையும் விதையையும் சேமிக்கலாம், மறுபடி நடலாம், பக்கத்து வயல்காரரோடு பகிர்ந்துகொள்ளலாம் என்கிறது. பதிவான ரகத்தைப் பிராண்டு பெயர் ஒட்டி மட்டும் விற்கக் கூடாது. இரண்டு பக்கத்தையும் ஒரே சட்டத்தில் வைத்தது நல்ல விஷயம். நாளைக்குக் கைரேகைப் பரிசோதனை மலிவாகி, 'உன் தோப்பில் இருப்பது எங்கள் குளோன்' என்று கம்பெனி நோட்டீஸ் அனுப்பும் நிலை வந்தால், சட்டத்தின் இரண்டாவது பக்கமும் நினைவில் இருக்க வேண்டும்.

என்ன செய்யலாம்?

நகைக்கடையில் வாங்கும் தங்கத்துக்கு 2021 ஜூனிலிருந்து படிப்படியாக ஹால்மார்க் கட்டாயமானது. ஒவ்வொரு நகையிலும் ஆறு இலக்க அடையாள எண். இத்தனைக்கும் தங்கத்தை உரசிப் பார்க்க ஊருக்கு ஊர் ஆள் இருக்கிறார்கள். உரசிப் பார்க்கவே முடியாத கன்றுக்கு, நான்கு வருஷம் கழித்துத்தான் தெரியும் சரக்குக்கு, வாய்வார்த்தைதான் ஹால்மார்க்!

ஒவ்வொரு கன்றையும் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அது கட்டுப்படியும் ஆகாது. நர்சரியில் வெட்டுத்துண்டு எடுப்பதற்காக வைத்திருக்கும் தாய்ச்செடிகள் சில நூறுதான். அவற்றைச் சோதித்து, வரிசைக்கு ஒரு எண் கொடுத்து, அந்த எண்ணை ரசீதில் எழுதினால் போதும். அந்தத் தாய்ச்செடிகளிலிருந்து வரும் லட்சக்கணக்கான கன்றுகள் மேல் சோதனைச் செலவைப் பிரித்தால் கன்றுக்கு விழுவது சொற்பம். காஸ்ட் அக்கவுன்டிங்கில் இரண்டாம் பாடம் இது. பிறகு அவ்வப்போது விற்ற கன்றில் இரண்டு மூன்றைத் திடீரென்று எடுத்துச் சோதித்தால் ஆடிட்டும் ஆயிற்று.

காகித ஆலைகளுக்கு இதில் லாபம் இருக்கிறது, ஒரே மாதிரிக் கட்டை கிடைக்கும். நல்ல நர்சரிக்காரருக்கும் லாபம், அகர்லாஃப் சொன்ன ஓட்டைக் கார் கும்பலிலிருந்து தன்னைப் பிரித்துக் காட்டலாம். எல்லோரையும்விட அந்தப் பட்டறைக்காரருக்கு லாபம். அவருக்கு அறுபது வயது. முதல் தோப்பு தப்பாகப் போனால் இன்னொரு நான்கு வருஷம் காத்திருக்க அவர் கையில் பி.எஃப் பணமும் இருக்காது, தெம்பும் இருக்காது.

"நான் சொல்றேன்ல?" என்று நர்சரிக்காரர் சொல்லும் இடத்தில், ரசீதில் ஒரு எண். கேட்பது அவ்வளவுதான்.